கரை சேர்ந்த கணக்கர்: ஜே. சி. குமரப்பா

கடல் கடந்து கல்வியோ பொருளோ தேடிச் சென்ற ஒருவர், கப்பலை விட்டு இறங்கிய நாளிலேயே ஊர் திரும்பிவிட்டார் என்று சுற்றத்தார் எண்ணிக்கொள்வது உலக வழக்கம். மாலையிட்டு அழைத்து வருவர். வாழையிலையில் விருந்து படைப்பர். வந்தவர்க்கோ தரையில் சம்மணமிட்டு உட்கார முழங்கால் மடங்காது. தெருவின் ஓசை காதுக்கு இரைச்சலாகப் படும். தாம் பிறந்த வீட்டிலேயே ஒரு விருந்தினரைப்போல நடமாடுவார். இந்த இடைவெளி சிலர்க்குச் சில திங்களில் மறைந்துவிடும். சிலர்க்கு வாழ்நாள் முழுவதும் மறைவதில்லை.

ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்னும் தஞ்சைத் தமிழர் இலண்டனிலிருந்து இந்தியாவுக்கு மீண்ட ஆண்டு 1919. ஆனால் அவர் தம் நாட்டுக்கு வந்து சேர்ந்த ஆண்டு 1929 என்று சொல்வதே பொருந்தும். பிறந்த தமிழ் மண்ணில் ஒரு குடிசை அமைத்துக் குடியமர்வதற்கோ மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. காந்தியப் பொருளியலின் முதல்வர் என இன்று நாம் போற்றும் ஜே. சி. குமரப்பாவின் வரலாற்றைப் பலரும் கொள்கை விளக்கமாகவே எழுதியுள்ளனர். அதனை ஊர் திரும்பிய ஒரு மனிதரின் கதையாகவும் படிக்கலாம். அவ்வாறு படிக்கும்போதுதான் அவர் எதனை இழந்து எதனைப் பெற்றார் என்பது விளங்குகிறது.

1892-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் பொதுப்பணித் துறையில் அலுவலர். ஒழுங்கும் நேரந் தவறாமையும் உயிரெனக் கொண்டவர். தாயார் எஸ்தர் இராசநாயகம் அம்மையார் இறைப்பற்றும் ஈகையும் மிக்கவர். தந்தையின் கண்டிப்பும் தாயின் இரக்கமும் இந்த மகனிடத்தில் கடைசிவரை ஒன்றோடொன்று போராடிக்கொண்டே இருந்தன என்று அவரோடு பழகியோர் கூறுவர். ஆங்கிலேய ஆட்சியில் உயர்ந்த பிற கிறித்தவக் குடும்பங்களைப் போலவே இவர்கள் வீட்டிலும் மேல்நாட்டு நடையுடை பாவனைகள் இயல்பாகக் குடிபுகுந்திருந்தன. சென்னையில் பள்ளிக் கல்வி முடிந்ததும், இருபது வயதை ஒட்டிய பருவத்தில் கணக்கியல் பயில இலண்டன் சென்றார். முதல் உலகப்போர் நடந்த காலம் முழுவதும் அங்கேயே இருந்து கணக்குத் தணிக்கையாளராகத் தேர்ச்சி பெற்றார். அங்கேயே தங்கிவிடும் எண்ணமும் அவருக்கு இருந்தது. தாயின் வற்புறுத்தல் இல்லாவிட்டால் வந்திருக்கமாட்டார்.

வந்தவர் தஞ்சைக்கு வரவில்லை; பம்பாயில் தொழில் தொடங்கினார். சில ஆண்டுகளில் கூட்டாளி ஒருவருடன் சொந்தத் தணிக்கை நிறுவனமும் நடத்தினார். நல்ல வருமானம், நேர்த்தியான மேல்நாட்டு உடை, கையிலே பிரம்பு, ஆங்கிலேய முறையில் அமைந்த இல்லம். இலண்டனைத் தம்மோடு கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து பம்பாயில் இறக்கி வைத்துக்கொண்டு அதற்குள் வாழ்ந்தார் எனலாம். அந்தப் பத்தாண்டுகள் இந்நாட்டின் வரலாற்றில் எளிய ஆண்டுகள் அல்ல. அவர் மீண்ட 1919-இல்தான் சாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது. அடுத்து ஒத்துழையாமை இயக்கம் எழுந்தது. அயல்நாட்டுத் துணிகள் பம்பாயிலேயே குவித்து எரிக்கப்பட்டன. இவற்றுள் எதுவும் அந்தக் கணக்கரின் வாழ்க்கையைத் திருப்பியதாகத் தெரியவில்லை. இதனை அவர்மேல் குற்றமாகச் சுமத்த வேண்டியதில்லை. அன்று படித்த வகுப்பார் பலரும் அப்படித்தான் இருந்தனர்; தங்கள் நாட்டைப் பற்றிய செய்தியை ஆங்கில நாளேட்டில் வேற்று நாட்டுச் செய்தி போலவே படித்துக்கொண்டிருந்தனர்.

வியப்பு என்னவென்றால், அவரைத் தாய்நாட்டின் பக்கம் திருப்பியது மற்றொரு வெளிநாட்டுப் பயணம். 1927-இல் அவர் அமெரிக்கா சென்றார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மையில் பட்டம் பெற்றபின் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பயிலத் தொடங்கினார். அங்கே ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் வறுமையில் உழல்கிறது என்பது பற்றிப் பேசும் வாய்ப்பு நேர்ந்தது. அந்தப் பேச்சின் சுருக்கம் நாளேட்டில் வெளிவந்தது. அதனைப் படித்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், வேறு பொருளை விட்டுவிட்டு இதனையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளுமாறு பணித்தார். வரி விதிப்பு முறைகளில் அக்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அறிஞர் அவர்.

கணக்கர்க்குப் பேரேடு கிடைத்தது போலாயிற்று. ஆங்கிலேய அரசின் வரவு செலவுகளை அவர் ஒரு வணிக நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்வதுபோல வரிவரியாகப் பார்த்தார். எவரிடமிருந்து வரி பெறப்படுகிறது? எதற்குச் செலவாகிறது? படைக்கு எவ்வளவு, கடனுக்கான வட்டிக்கு எவ்வளவு, கல்விக்கும் மருத்துவத்துக்கும் எவ்வளவு? ஏழையிடம் பெறும் வரி அவன் ஊருக்குத் திரும்பி வருகிறதா? இந்த வினாக்களை எழுப்பியபோது, நேர்மையான ஆட்சி எனத் தாம் நம்பியிருந்த ஒன்று கணக்கில் தேறவில்லை என்பதைக் கண்டார். உணர்ச்சிப் பாடல்களும் மேடை முழக்கங்களும் செய்ய இயலாததை எண்கள் செய்தன. பிறந்த நாட்டின் வறுமையை அவர் முதன்முதலாகக் கண்டது தஞ்சையின் வயல் வரப்பில் அன்று. நியூயார்க் நூலகத்தின் மேசையில்.

ஏறத்தாழ இதே காலத்தில் குடும்பத்தார் கொர்னேலியஸ் என்ற பெயரை விடுத்து முன்னோர் வழிவந்த குமரப்பா என்ற பெயரை ஏற்றனர். தம்பி பெஞ்சமின், பாரதன் குமரப்பா ஆனார். இவரோ ஜோசப் செல்லத்துரை என்பதை விட்டுவிடவில்லை. இயேசுவின் அடியவர் என்பதிலும் அவருக்கு எந்நாளும் ஐயமில்லை. பெயரின் பின்பாதி மாறியது, முன்பாதி நின்றது. ஊர் திரும்புதல் என்பதற்கு அவர் கொண்ட பொருளை இந்தப் பெயரே காட்டிவிடுகிறது.

1929-இல் ஆய்வுரையோடு பம்பாய் வந்தவர் அதனை அச்சிட வழி தேடினார். காந்தியடிகளிடம் காட்டுமாறு நண்பர்கள் கூறினர். மே திங்கள் 9-ஆம் நாள் பிற்பகல் இரண்டரை மணிக்குச் சபர்மதி ஆசிரமத்தில் சந்திக்கலாம் என்று நேரம் குறிக்கப்பட்டது. அந்தப் பகற்பொழுதை அவரே பின்னாளில் நகைச்சுவையோடு எழுதி வைத்திருக்கிறார்.

சொன்ன நேரத்துக்குச் சற்று முன்னதாகவே புறப்பட்டு நடந்து வந்தார். வழியில் ஒரு மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தூய தரையில் கிழவர் ஒருவர் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். குமரப்பா அதற்குமுன் இராட்டையைக் கண்டதில்லை. முப்பத்தேழு வயது, தஞ்சையில் பிறந்தவர், இலண்டனும் நியூயார்க்கும் கண்டவர், இராட்டையைக் கண்டதில்லை! இன்னும் நேரம் இருக்கிறதே என்று பிரம்பை ஊன்றிக்கொண்டு ஒரு கண்காட்சியைப் பார்ப்பவர்போல நின்று பார்த்தார். ஐந்து மணித்துளிகள் கழிந்தன. கிழவர் பல்லில்லாத வாயைத் திறந்து புன்னகையோடு, வந்திருப்பவர் குமரப்பாதானா என்று வினவினார். அப்போதுதான் எதிரே இருப்பவர் யார் என்று இவருக்கு உறைத்தது. தாமும் அவ்வாறே கேட்டு உறுதிசெய்துகொண்டு உடனே அந்தச் சாணத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அணிந்திருந்தது மடிப்புக் கலையாத பட்டுக் காற்சட்டை.

பட்டு நெய்யும் ஊரில் இதனைப் படிப்போர் அந்தக் காற்சட்டையின் நிலையை எண்ணிச் சிறிது வருந்தக்கூடும். உட்கார்ந்தாரே தவிரச் சம்மணமிட வரவில்லை. கால்களை நீட்டிக்கொண்டு பாதி சாய்ந்தவராய் அவர் தவிப்பதைக் கண்டு, வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் நாற்காலியொன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அதில் அமருமாறு காந்தியடிகளும் கூறினார். அவர் தரையில் இருக்கத் தாம் நாற்காலியில் அமர்வதில்லை என்று குமரப்பா மறுத்துவிட்டார். அந்த மறுப்பில் பணிவு இருந்தது; ஒரு பிடிவாதமும் இருந்தது. பிற்காலத்தில் அவருடைய நண்பர்களும் அரசாங்கத்தாரும் அந்தப் பிடிவாதத்தை நன்கு அறிந்துகொண்டனர்.

காந்தியடிகள் ஆய்வுரையைத் தம் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட இசைந்தார். அத்தோடு நிற்கவில்லை. குசராத்தின் சிற்றூர்களில் ஒரு பொருளாதார ஆய்வு நடத்தித் தர இயலுமா என்றும் கேட்டார். அந்நாட்டு மொழி தமக்குத் தெரியாதே என்றார் குமரப்பா. குசராத் வித்யாபீடத்தின் ஆசிரியரும் மாணவரும் உதவுவர் என்று விடை வந்தது. ஆனால் வித்யாபீடத்தின் பொறுப்பிலிருந்த காகா காலேல்கர் மேல்நாட்டு உடையில் வந்து நின்ற இந்த மனிதரைப் பார்த்துத் தயங்கினார். மொழியறியாதவர் ஊர்களில் என்ன செய்துவிட முடியும்? மனம் சோர்ந்து குமரப்பா பம்பாய்க்குத் திரும்பிவிட்டார். பிறகு அழைப்பு வந்தது. திரும்பி வருகிறவனை ஊர் முதலில் ஐயத்தோடுதான் பார்க்கும் என்பதற்குச் சான்றோர் நிறைந்த அந்த இடமும் விலக்காகவில்லை.

1929 இறுதியில் தொடங்கிய அந்த ஆய்வுதான் கேடா மாவட்டத்து மாதர் வட்ட ஆய்வு. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு 54 சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்றார். எத்தனை மாடு, எத்தனை காணி, விதைக்கு என்ன, வட்டிக்கு என்ன, அடுப்புக்கு எரிப்பது விறகா எருவா என்று கேட்டுக் கேட்டு எழுதினர். இலண்டனில் கற்ற தணிக்கைக் கலை முதன்முறையாக ஒரு குடியானவனின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தது. உழவன் ஓராண்டு உழைத்தபின் அவன் கையில் மிஞ்சுவது என்ன என்ற கேள்விக்கு எழுத்தும் எண்ணுமாக விடை கூறிய முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று அது. 1931-இல் நூலாக வெளிவந்தது. அமெரிக்காவில் எழுதிய ஆய்வுரை மேலிருந்து கீழே பார்த்தது. இந்த நூல் கீழேயிருந்து மேலே பார்த்தது. இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

ஆய்வின் முடிவில் அவர் கதர் அணிந்திருந்தார். தணிக்கை நிறுவனத்துக்கு அவர் மீளவில்லை. தண்டியாத்திரைக்குப் பின் காந்தியடிகள் 1930 மே திங்களில் சிறைப்பட்டபோது யங் இந்தியாவை நடத்தும் பொறுப்பு இவர்மேல் விழுந்தது. 1931-இல் இவரும் சிறை சென்றார். காந்தி–இர்வின் உடன்பாட்டால் விரைவில் வெளிவந்தார். அதே ஆண்டில் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான கடன் கணக்கை ஆராயக் காங்கிரசு அமைத்த குழுவின் அமைப்பாளரானார். முன்பு வணிகரின் பேரேட்டைத் திருத்தியவர் இப்போது ஒரு பேரரசின் பேரேட்டைக் கையிலெடுத்தார்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டால் அவர் பட்ட துன்பத்தின் ஆழம் தெரியாது. நாற்காலியை விட்டுத் தரையில் அமர்வது எளிது. தாம் பிறந்து வளர்ந்த சபையோடு முரண்படுவது எளிதன்று. சட்டமறுப்பு இயக்கத்தைக் கிறித்தவர்க்கு ஒவ்வாதது என்று கருதிய கல்கத்தாப் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட்டுக்கு 1930-இல் அவர் மடல்கள் எழுதினார். மலைப்பொழிவின் வழியில் அடியை வாங்கிக்கொண்டு திருப்பி அடிக்காமல் நிற்பவரிடத்தில் அல்லவோ திருச்சபை நிற்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். இந்தியக் கிறித்தவர் இந்த மண்ணின் மக்களா, ஆள்வோரின் நிழலா என்ற வினா அவருடைய குடும்பத்துக்குள்ளும் உற்றார் நடுவிலும் சுழன்ற வினா. அவர் சமயத்தைக் கைவிட்டு நாட்டுக்குத் திரும்பவில்லை. சமயத்தையும் உடன் அழைத்துக்கொண்டு திரும்பினார்.

1934 சனவரியில் பீகாரை நிலநடுக்கம் அழித்தது. துயர்துடைப்பு நிதியின் கணக்கைக் கண்காணிக்க இராசேந்திர பிரசாத் இவரை அழைத்தார். தொண்டர் ஒருவரின் உணவுக்கு நாளொன்றுக்கு 3 அணா என்று வரையறை செய்தார் குமரப்பா. காந்தியடிகளும் அவருடன் வந்தோரும் அங்கே வந்தபோது அவர்களுடைய பாலுக்கும் பழத்துக்கும் ஆகும் செலவு இந்த வரம்பை மீறிற்று. அதனை நிதியிலிருந்து கொடுக்க முடியாதென மறுத்துவிட்டார். அடிகள் அதனை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார் என்பர். இலண்டன் கற்பித்த ஒழுக்கம் இது. காற்சட்டையைக் கழற்றியவர் இதனைக் கழற்றவில்லை. நம்மூர்ப் பொதுக்காரியங்களில் தலைவர்க்கு ஒரு கணக்கும் தொண்டர்க்கு ஒரு கணக்கும் இருப்பதைக் கண்டு பழகியவர்க்கு இந்த நிகழ்ச்சி கட்டுக்கதை போலத் தோன்றலாம்.

அவ்வாண்டின் இறுதியில் அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கம் வார்தாவில் தோன்றியது. அதன் செயலாளர் பொறுப்பு குமரப்பாவுக்கு. மகன்வாடி என்னும் தோட்டத்தில் அவர் நடத்திய வேலைகளை எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. கைக்குத்தல் அரிசி, மரச்செக்கு எண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம், சவர்க்காரம், மண்ணெண்ணெய் வேண்டாமல் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கு. ஒவ்வொன்றையும் அவர் அளந்தார், நிறுத்தார், கணக்கெழுதினார். பழைமையென்பதற்காக எதனையும் அவர் போற்றவில்லை. செக்கில் பிழியும் எண்ணெய் குறைந்தால் செக்கைத் திருத்தச் சொன்னார். உரலும் உலக்கையும் பெண்களின் முதுகை ஒடித்தால் அவற்றுக்கு மாற்று தேடச் செய்தார். ஊருக்குத் திரும்பியவர்களுள் சிலர் வெளிநாட்டையே புகழ்ந்துகொண்டு காலங் கழிப்பர். சிலர் எதிர்க்கோடிக்குச் சென்று ஊரிலுள்ள அழுக்கையும் சேர்த்துப் புகழ்வர். இவர் இவ்விரு கூட்டத்திலும் சேரவில்லை.

அவருடைய கணக்கு முறையை ஐயம்பேட்டைத் தறிக்குழியில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஒரு பட்டுச் சேலை தறியிலிருந்து அறுபடுகிறது. கச்சாப் பட்டுக்காகக் கருநாடகத்துக்குச் சென்ற பணம் எவ்வளவு? சரிகைக்காகச் சூரத்துக்குப் போனது எவ்வளவு? சாயமிட்டவர், பாவு தோய்த்தவர், அச்சுப் பிணைத்தவர், கோர்வைக்குத் துணையாக உட்கார்ந்தவர், நெய்தவர் ஆகியோர் கைகளுக்கு வந்தது எவ்வளவு? கடைக்காரரின் பெட்டியில் தங்கியது எவ்வளவு? விலைச்சீட்டில் எழுதியிருக்கும் ஒரே எண்ணுக்குள் இத்தனை எண்களும் ஒளிந்திருக்கின்றன. பொருளின் விலையை மட்டும் பார்ப்பவர் பொருளியல் அறியாதவர் என்பது குமரப்பாவின் எண்ணம். அந்தப் பொருளோடு யாருடைய உழைப்பும் யாருடைய கண்ணீரும் சேர்ந்து வருகின்றன என்பதையும் வாங்குபவர் தெரிந்திருக்க வேண்டும் என்றார். இந்தக் கேள்வி நெசவூருக்கும் முழுக்க இனிப்பானதன்று. மூலப்பொருள் வெளியிலிருந்தும் வாங்குவோர் வெளியிலிருந்தும் வரும் தொழில் எந்த அளவுக்கு ஊர்த்தொழில் என்ற வினாவும் அதற்குள் இருக்கிறது.

வெள்ளையனே வெளியேறு இயக்கக் காலத்தில் மீண்டும் சிறைவாசம். சபல்பூர்ச் சிறையில் இரண்டு நூல்கள் உருவாயின. ஒன்று இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது; மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. ஒரு கணக்கர் ஒரே கூடத்தில் இவ்விரண்டையும் எழுதினார் என்பதே அவரை அறியப் போதும். இரண்டாவது நூலில் இயற்கையை நோக்கிப் பொருளியலை ஐந்து படிகளாகப் பகுக்கிறார். பிறவுயிரைக் கொன்றுண்ணும் புலியைப் போல்வது கீழ்ப்படி. தோப்பில் புகுந்து பறித்துண்ணும் குரங்கைப் போல்வது அதற்கடுத்தது. தன் கூட்டைத் தானே கட்டும் பறவை மூன்றாம் படி. தனக்கென்று இன்றிக் கூட்டத்துக்கெனத் தேன் சேர்க்கும் தேனீ நான்காம் படி. கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை உச்சிப் படி. நெல் விளைந்த நிலங்களில் சோப்பு ஆலைக்கென்று தென்னை வைத்த கேரளப் பகுதியைச் சுட்டி, பசித்தவர் சோப்பைத் தின்ன முடியுமா என்னும் பொருள்பட எழுதினார். சூழலியல் என்ற சொல் நம் நாவில் புழங்காத காலம் அது. 1945-இல் காந்தியடிகள் அந்நூலுக்கு முன்னுரை வழங்கி, கிராமக் கைத்தொழிலில் டாக்டர் என்று இவருக்குத் தாமே ஒரு பட்டம் சூட்டினார். அமெரிக்கப் பட்டங்களைவிட அந்தப் பட்டத்தை அவர் பெரிதாக மதித்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

இனி வருவது துயரமான பகுதி. 1947-இல் நாடு விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டு சனவரி 30-இல் அடிகள் மறைந்தார். குமரப்பாவின் வழியும் ஆட்சியாளர் வழியும் பிரிந்தன. பிரிவின் விதை முன்பே விழுந்திருந்தது. 1938-இல் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் சேர்ந்த இவர் சில திங்களிலேயே விலகிக்கொண்டார். பேரணைகளும் பெருந்தொழிற்சாலைகளும் புதிய கோயில்களாகத் தோன்றிய காலத்தில் செக்கையும் சிற்றுருளையையும் பற்றிப் பேசிய குரலுக்குச் செவி எங்கே? காங்கிரசின் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி 1949-இல் அவர் அளித்த அறிக்கை, உழுபவர்க்கே நிலம் என்ற கொள்கையை வலியுறுத்தியது. அதன் பெரும்பகுதி ஏட்டளவில் நின்றது. 1951-இல் சீனத்துக்குச் சென்று வந்து அங்கே கண்ட சிலவற்றை மனந்திறந்து பாராட்டினார். காந்தியர் சிலர் முகஞ்சுளித்தனர். பொதுவுடைமையர் என்று சிலர் ஏசினர். பொறுமை அவருடைய இயல்பான குணம் அன்று. கடுஞ்சொல் உடனே வந்துவிடும். அதனால் இழந்த நண்பர்களும் உண்டு. அவர் சொன்ன யாவும் சரியென்று இன்று நாம் ஒப்ப வேண்டியதில்லை. பெருகும் மக்கள்தொகைக்கு உணவும் உடையும் வேலையும் வழங்கும் வழிகளில் பலவற்றை அவர் மிக எளிதாகத் தள்ளிவிட்டார் என்ற குறை நியாயமானதே. ஆனால் அவர் எழுப்பிய வினாக்களுக்கு விடை சொல்லாமலே அவரை ஒதுக்கினர் என்பதும் உண்மை. மேல்நாட்டை விட்டு அவர் ஊர் திரும்பி முடித்த நேரத்தில், நாடு மேல்நாட்டை நோக்கிப் புறப்பட்டிருந்தது.

உடல்நலமும் குன்றியது; குருதியழுத்தம் அவரை வாட்டியது. வார்தாவை விட்டு விலகினார். திருமணம் செய்துகொள்ளாதவர், வீடென்று சொல்ல ஓரிடம் இல்லை. 1950-களில் மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியில், 1940-இல் கோ. வேங்கடாசலபதி தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வந்து தங்கினார். வேளாண்மை, சிறுதொழில், ஆதாரக் கல்வி என்று ஓசையின்றி வேலை நடந்துகொண்டிருந்த இடம் அது. ஓர் எளிய குடிலில் அவர் வாழ்ந்தார். இலண்டனுக்குக் கப்பலேறிய நாளிலிருந்து எண்ணினால், தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் அவர் நிலையாகக் குடியமர்வதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கல்லுப்பட்டி கரிசல் பூமி. காவிரி பாயும் தஞ்சை அன்று. இருப்பினும் அங்கே அவர் விருந்தினராக இல்லை. வருவோர்க்குத் தரையில் பாய் விரித்து, தாமும் தரையில் அமர்ந்தே பேசினார். இளைஞர்கள் வந்து கேட்டனர், எழுதினார், திட்டக் குழுவின் எண்களைத் தணிக்கை செய்வதை மட்டும் விடவில்லை. சினம் வரும்போது முன்போலவே வரும் என்பர்.

1960 சனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னை அரசு பொது மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அகவை 68.

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. ஷுமாக்கர் என்னும் பொருளியலறிஞர் சிறியதே அழகு என்ற பொருளமைந்த தலைப்பில் ஒரு நூல் எழுதினார். உலகெங்கும் பெருந்தொழில் மயக்கத்தை உலுக்கிய நூல் அது. உழைப்பு மனிதனை எவ்வாறு உயர்த்தும் என்று கூறும் இடத்தில் அவர் குமரப்பாவின் கருத்தைத் துணைக்கு அழைத்திருந்தார். அந்நூல் அச்சேறிய நகரம் இலண்டன்.